நம்மைப் பற்றிய படங்கள், நாம் இல்லாத படங்கள்



தமிழ் சினிமாவில் தலித் வாழ்க்கை 2012-இல் ‘அட்டகத்தி’யோடுதான் தொடங்குகிறது என்று நம் மாணவத் தோழர்கள் பலர் பேசுகிறார்கள். அதற்கு முன்னால் என்ன இருந்தது என்று கேட்டால் ‘சின்னக் கவுண்டர்’, ‘தேவர் மகன்’, ‘எஜமான்’, ‘நாட்டாமை’ என்று 1992 முதல் 1994 வரை வந்த நான்கு படங்களை விரல்விட்டுச் சொல்லி, “எல்லாம் அவங்க படம்ணே” என்று முடித்துவிடுகிறார்கள். அந்தக் கோபம் நியாயமானது. துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பண்ணையார் வாசலில் கைகட்டி நிற்கிறவனாக மட்டுமே நம் தாத்தனைக் காட்டிய படங்களுக்கு நாம் நன்றிக்கடன் எதுவும் படவில்லை.

ஆனால் அந்தக் கோபத்தில் ஒன்றைக் கைநழுவ விடுகிறோம். அட்டகத்திக்கு முந்தைய எழுபது, எண்பது ஆண்டுகளிலும் நம்மைப் பற்றிய படங்கள் வந்துகொண்டுதான் இருந்தன. அவற்றை நாம் எழுதவில்லை, நாம் எடுக்கவில்லை. சில நல்லெண்ணத்தோடு வந்தன. சில பாதி தூரம் வந்து நின்றன. சில கடைசி ரீலில் முகத்தைத் திருப்பிக்கொண்டன. இந்தப் படங்களைப் பார்க்காமல் ஒதுக்கினால் நட்டம் நமக்குத்தான். எதிராளி நம்மை எப்படிக் கற்பனை செய்தான், நண்பன் எந்த இடம் வரைக்கும் கூட வந்தான், எந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டான் என்பதற்கு இவற்றைவிடத் தெளிவான சாட்சி வேறு இல்லை. அப்படி என் மனதில் நிற்கிற, ஆனால் இன்று பெரிதாகப் பேசப்படாத சில படங்களைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ஒன்று மட்டும் ஊரே பார்த்துக் கொண்டாடிய படம். அதை ஏன் சேர்த்தேன் என்பதை அந்த இடத்தில் சொல்கிறேன்.

முதலில் படம் பார்த்த இடத்தைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் வேடசந்தூர் வட்டாரத்துக் கிராமங்களுக்கு நீண்ட காலம் சினிமா என்றால் டூரிங் டாக்கீஸ்தான். மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்ப்பது. பேராசிரியர் கா. சிவத்தம்பி தமிழ் சினிமா பற்றி 1981-இல் எழுதிய நூலில் ஒரு விஷயத்தைக் கவனப்படுத்தினார். தமிழர்கள் எல்லோரும் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்த முதல் கலையரங்கு சினிமாக் கொட்டகைதான், அங்கே யார் எங்கே உட்காருவது என்பதைப் பிறப்பு தீர்மானிக்கவில்லை, டிக்கெட் காசு தீர்மானித்தது என்றார். கோயில் மண்டபத்துக் கச்சேரியை மதிலுக்கு வெளியே நின்று கேட்டவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் பெரியவர்களும் இதையே தங்கள் பாஷையில் சொல்வார்கள்: “இருட்டுல பக்கத்துல எவன்னு தெரியாது. இடைவேளைக்கு லைட்டப் போட்டாத்தான் தெரியும்.” வெளியே வந்து டீ கேட்டால் தனி டம்ளர். கொட்டகைக்குள் இரண்டரை மணி நேரம் மனிதன், வெளியே வந்ததும் சாதி. இந்த இரண்டு நிலைக்கும் நடுவில் உட்கார்ந்துதான் நம் முன்னோர்கள் சினிமா பார்த்தார்கள். இதை மனதில் வைத்துக்கொண்டால் பழைய படங்கள் வேறு மாதிரி தெரியும்.

லீவு கேட்ட பண்ணையாள்

1942-இல் ஜெமினி எடுத்த ‘நந்தனார்’ படத்தை எடுத்துக்கொள்வோம். முருகதாசா இயக்கியது, தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்துப் பாடியது. இன்று இதைப் பக்திப் படம் என்று சொல்லி இசைப் பிரியர்களின் அலமாரியில் வைத்துவிட்டார்கள். நம் தோழர்களும் ‘நெருப்பில் இறக்கிச் சுத்தப்படுத்திய கதைதானே’ என்று தள்ளிவிடுகிறார்கள். முடிவைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. தீயில் மூழ்கிப் பூணூலோடு எழுந்தால்தான் உள்ளே விடுவேன் என்கிற கடவுள் நமக்கு எதற்கு?

நான் பார்க்கச் சொல்வது முடிவை அல்ல, நடுப்பகுதியை. பெரியபுராணத்தில் நந்தனாருக்கு ஆண்டை என்று ஒருவர் வருவதில்லை. 19-ஆம் நூற்றாண்டில் கோபாலகிருஷ்ண பாரதியார் எழுதிய நந்தன் சரித்திரக் கீர்த்தனையில்தான் வேதியர் என்ற நிலக்கிழார் புகுந்தார். சினிமா அந்தக் கதையைத்தான் எடுத்துக்கொண்டது. வேதியர் வந்தவுடன் கதையின் குணமே மாறிவிடுகிறது. சிதம்பரம் போக நந்தன் சிவனிடம் கேட்பதற்கு முன்னால் ஆண்டையிடம் கேட்டாக வேண்டும். ஆண்டை விட மறுக்கிறார். அறுப்பு முடியட்டும், நடவு முடியட்டும் என்று நாள் தள்ளுகிறார். கடைசியில் 40 வேலி நிலத்தையும் பயிரேற்றிவிட்டுப் போ என்கிறார். ஒரு வேலி என்பது ஆறே முக்கால் ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவு. 40 வேலி என்றால் 260 ஏக்கருக்கு மேல்.

இதைப் பக்திக் கதையாக மட்டும் பார்க்க முடியுமா? ஒரு கொத்தடிமை லீவு கேட்கிறான், முதலாளி தர மறுக்கிறான். எங்கள் ஊரைச் சுற்றி நூற்பாலைகள் இருக்கின்றன. விடுதியில் தங்கி வேலைபார்க்கும் பெண்பிள்ளைகள் பொங்கலுக்கு ஊருக்குப் போக லீவு கேட்டு நின்ற கதைகளை நான் நேரில் கேட்டிருக்கிறேன். ‘இந்த ஆர்டர் முடியட்டும்’ என்பதும் ‘அறுப்பு முடியட்டும்’ என்பதும் ஒரே வாக்கியம்தான்.

40 வேலியும் ஒரே இரவில் விளைந்துவிடுகிறது. எப்படி? சிவனருள். அங்கேதான் இந்தக் கதை நம்மை ஏமாற்றுகிறது. தஞ்சாவூர் நிலத்தை விளையவைத்த கை யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். அந்தக் கையின் உழைப்பை எடுத்துப் பூதகணங்களின் கணக்கில் எழுதிவிட்டார்கள். படம் வந்த ஆண்டையும் கவனியுங்கள். 1939 ஜூலை 8-இல் மதுரை மீனாட்சி கோயிலுக்குள் கக்கன் உள்ளிட்ட நம்மவர்கள் நுழைந்து மூன்று ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. வெளியே மனிதர்கள் தீக்குளிக்காமலேயே உள்ளே போய்விட்டார்கள். கொட்டகைக்குள் நந்தன் இன்னும் தீயில் இறங்கிக்கொண்டிருந்தான்.

ராஜா மகன் ஆக்கப்பட்ட வீரன்

‘மதுரை வீரன்’ ஊரே கொண்டாடிய படம் என்பது எனக்கும் தெரியும். 1956 ஏப்ரலில் வந்தது. யோகானந்த் இயக்கம், கண்ணதாசன் வசனம், எம்.ஜி.ஆர். கதாநாயகன். ஆனால் இந்தப் படம் நம் தெருக்களில் என்ன செய்தது என்பது போதுமான அளவு பேசப்படவில்லை. அதனால்தான் இந்தப் பட்டியலில் சேர்த்தேன்.

திண்டுக்கல் மாவட்டத்தில் அருந்ததியர் தெரு உள்ள ஊர் எதற்குப் போனாலும் மதுரை வீரனைக் கும்பிடுகிற வீடுகள் இருக்கும். அவன் நமக்குப் புராணம் அல்ல, வீட்டு ஆள். செருப்புத் தைக்கிற வீட்டுப் பிள்ளை, பாளையக்காரர் மகள் பொம்மியைக் கூட்டிக்கொண்டு போனவன், மதுரையில் கள்ளர்களை அடக்கிப் பேர் வாங்கியவன், கடைசியில் மாறுகால் மாறுகை வாங்கப்பட்டவன். இந்தக் கதையைக் கேட்டால் இன்றைக்கு நாளிதழில் வருகிற செய்தி மாதிரியே இருக்கிறதா இல்லையா?

படத்தில் என்ன நடக்கிறது? ராஜா வீட்டில் கொடி சுற்றிப் பிறந்த குழந்தை நாட்டுக்கு ஆகாது என்று காட்டில் விடப்படுகிறது. என்.எஸ். கிருஷ்ணனும் டி.ஏ. மதுரமும் நடித்த செருப்புத் தைக்கும் தம்பதி அந்தக் குழந்தையை எடுத்து வளர்க்கிறார்கள். ஆக, வீரன் நம் வீட்டில் வளர்ந்தவன், நம் வீட்டில் பிறந்தவன் அல்ல. இது சினிமாக்காரர்கள் புதிதாகச் செய்த வேலை என்று சொல்ல மாட்டேன். பழைய அம்மானைப் பாட்டிலேயே அவன் காசி ராஜா மகன்தான். வீரம் இருந்தால் அது ராஜ ரத்தத்தில் இருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று பாட்டுக் கட்டியவர்கள் முன்னமே தீர்மானித்துவிட்டார்கள். சினிமா அதை வெள்ளித்திரையில் ஏற்றித் தமிழ்நாடு முழுக்க முத்திரை குத்தியது.

என் பாட்டி தலைமுறைப் பெண்கள் இந்தப் படத்தைப் பலமுறை பார்த்தவர்கள். அந்தக் காட்டுக் காட்சியைப் பற்றி எங்கள் தெருப் பெரியவர் ஒருவர் சொன்ன விளக்கம் இன்னும் காதில் இருக்கிறது: “ராசா தூக்கிப் போட்டாம்ல, அப்புறம் அவனுக்கென்ன சொந்தம்? எடுத்துச் சோறு போட்டவந்தான் அப்பன்.” எந்தத் திறனாய்வாளனும் இதைவிட நன்றாகச் சொல்லிவிட முடியாது. படம் பிறப்பைக் கொண்டு போனது, பார்த்தவர்கள் வளர்ப்பைக் கொண்டு மீட்டுவிட்டார்கள். நம் மக்கள் சினிமாவுக்கு மயங்கிக் கிடந்தார்கள் என்று பேசுகிற அறிவாளிகள் இந்த மாதிரிப் பதிலையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும்.

1956-ஐ இன்னொரு விதமாகவும் நினைத்துப் பாருங்கள். அதே ஆண்டு அக்டோபர் 14-இல் நாக்பூரில் லட்சக்கணக்கான மக்களோடு பாபாசாகேப் பௌத்தம் ஏற்றார். பிறப்பு கொடுத்த அடையாளத்தைத் தூக்கி எறிவது எப்படி என்று அங்கே ஒரு சமூகம் காட்டிக்கொண்டிருந்தது. இங்கே நம் வீரனுக்கு நல்ல பிறப்பு தேடிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெண்மணியின் நிழல்

1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் ராமய்யாவின் குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டதும் செங்கொடிச் சங்கத்தை விட மறுத்ததும் காரணம். 1973-இல் சென்னை உயர் நீதிமன்றம் கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களை விடுதலை செய்தது. வசதியான நிலச்சுவான்தார்கள் தாங்களே நேரில் போய்த் தீ வைத்திருப்பார்கள் என்பது நம்பும்படி இல்லை என்ற கருத்தும் அந்தத் தீர்ப்பில் இடம்பெற்றது.

இந்தப் படுகொலையைப் பின்னணியாக வைத்து இந்திரா பார்த்தசாரதி 1975-இல் ‘குருதிப்புனல்’ எழுதினார். 1977-இல் அதற்குச் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. அந்த நாவலை அடிப்படையாகக் கொண்டு ஸ்ரீதர் ராஜன் எடுத்த படம் ‘கண் சிவந்தால் மண் சிவக்கும்’, 1983-இல் வெளியானது. இளையராஜா இசை. இயக்குநரின் சிறந்த முதல் படத்துக்கான தேசிய விருதும் பெற்றது. அதற்குப் பிறகு யார் அதைப் பேசினார்கள்? அந்தப் பாட்டைக் கேட்டவர்கள்கூட அது எந்தப் படம், எந்தச் சாம்பலில் இருந்து வந்தது என்று தெரியாமல் கேட்கிறார்கள்.

நாவலைப் பற்றிய விமர்சனம் நம் தோழர்களுக்குத் தெரிந்திருக்கும். பண்ணையாரின் கொடூரத்துக்குக் காரணம் அவருடைய ஆண்மைக் குறைவு என்று நாவல் கொண்டுபோகிறது. நிலம், கூலி, சங்கம், சாதி என்று நான்கு வலுவான காரணங்கள் கண்முன்னே நிற்கும்போது ஐந்தாவதாக ஒரு படுக்கையறைக் காரணத்தைத் தேடிப் போவானேன்? இன்னொரு குறை, நாவலில் வெளியூரில் இருந்து வருகிற படித்தவர்களின் மனக் குழப்பம் பிடித்துக்கொள்கிற இடத்தைச் சேரி மக்களின் சிந்தனை பிடிப்பதில்லை. எரிந்தவர்கள் சிந்தித்தவர்கள். சங்கம் வைத்தவர்கள், கொடியை இறக்க மாட்டேன் என்று முடிவெடுத்தவர்கள்.

அப்படியானால் படத்தை ஏன் பார்க்க வேண்டும்? தமிழ் வெகுஜன சினிமா அந்த ஊர்ப் பக்கமே திரும்பாத காலத்தில் ஒரு புது இயக்குநர் தன் முதல் படத்துக்கு இந்தக் கதையை எடுத்தார். அந்தத் துணிச்சலுக்கு நாம் கொடுக்க வேண்டிய மரியாதை, படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்பதுதான். பார்த்த கையோடு பாரதி கிருஷ்ணகுமார் 2005-இல் எடுத்த ‘இராமய்யாவின் குடிசை’ ஆவணப்படத்தையும் பாருங்கள். அங்கே வெண்மணி மக்களே பேசுகிறார்கள். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால் ‘நம்மைப் பற்றிப் பேசுவது’ என்பதற்கும் ‘நாம் பேசுவது’ என்பதற்கும் உள்ள தூரம் யாரும் விளக்காமலே புரியும்.

பிணத்தைத் தூக்க மறுத்த சேரி

தமிழுக்கு வெளியே இரண்டு படங்கள். ஒன்று, பிரேம்சந்தின் கதையை வைத்து சத்யஜித் ராய் தூர்தர்ஷனுக்காக 1981-இல் எடுத்த ‘சத்கதி’. ஒரு மணி நேரத்துக்கும் குறைவான படம். ராயின் பெரிய படங்களைப் பட்டியல் போடுகிறவர்கள் இதை ஓரத்தில் வைத்துவிடுகிறார்கள்.

ஓம் பூரி நடித்த துக்கி, தோல் தொழில் செய்யும் சாதிக்காரன். மகள் நிச்சயத்துக்கு நாள் குறிக்கப் பிராமணர் வீட்டுக்குப் போகிறான். காய்ச்சலில் எழுந்து வந்த மனிதன், வெறும் வயிறு. நாள் குறிக்கும் முன் வாசலைக் கூட்டு, வைக்கோல் சும, இந்தக் கட்டையைப் பிள என்று வேலை வாங்குகிறார்கள். பிளக்க முடியாத முண்டுக்கட்டை. கோடாலியை ஓங்கி ஓங்கி அங்கேயே விழுந்து சாகிறான்.

பலர் இந்தப் படத்தைச் சாதிக்கொடுமையைக் காட்டும் சோகப்படம் என்றுதான் சொல்வார்கள். எனக்கு அதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். பிராமணர் சேரிக்கு வந்து பிணத்தை எடுத்துப் போகச் சொல்கிறார். துக்கி வேலை செய்யும்போது பார்த்துப் பேசிய கோண்டு மனிதன், யாரும் பிணத்தைத் தொடாதீர்கள், போலீஸ் விசாரணை வரட்டும் என்று சேரியில் முன்னாடியே சொல்லி வைத்திருக்கிறான். சேரி அசையவில்லை. பிணம் கிணற்றுக்குப் போகும் வழியில் கிடக்கிறது. அக்கிரகாரம் தண்ணீர் எடுக்க முடியாமல் தவிக்கிறது. கடைசியில் தீட்டுப் படாமல் கயிற்றில் சுருக்குப் போட்டு அவரே பிணத்தை இழுத்துப் போக வேண்டியதாகிறது.

இது என்ன? வேலைநிறுத்தம். பிரேம்சந்த் கதையிலேயே இருக்கிற வேலைநிறுத்தம். நம் உழைப்பை நிறுத்தினால் அவர்கள் தீட்டை அவர்களே சுமக்க வேண்டும். 2016 ஜூலையில் குஜராத்தின் ஊனாவில் நம் பிள்ளைகளைக் கட்டிவைத்து அடித்த பிறகு அந்த மாநிலத்துத் தோழர்கள் செத்த மாட்டைத் தூக்க மாட்டோம் என்று அறிவித்துக் கால்நடைச் சடலங்களை அரசு அலுவலக வாசலில் கொண்டுபோய்ப் போட்டார்கள். சத்கதியைப் பார்த்தவர்களுக்கு அந்தச் செய்தி புதிதாகத் தெரிந்திருக்காது.

இரண்டாவது, ‘சோமன துடி’, 1975. சிவராம காரந்தின் கன்னட நாவல், பி.வி. காரந்த் இயக்கம், அந்த ஆண்டின் தேசிய அளவில் சிறந்த படத்துக்கான தங்கத்தாமரை, சோமனாக நடித்த வாசுதேவ ராவுக்குச் சிறந்த நடிகர் விருது. இவ்வளவு இருந்தும் கர்நாடகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்கு இந்தப் படம் கிட்டத்தட்ட அந்நியம். சோமனிடம் ஒரு ஜோடி மாடு இருக்கிறது. உழ நிலம் இல்லை. அவன் சாதிக்கு நிலம் கொடுக்கும் வழக்கம் இல்லை. கடன் பிள்ளைகளைத் தின்கிறது. ஒரு மகன் தண்ணீரில் மூழ்கும்போது கரையில் நின்றவர்கள் தொட்டால் தீட்டு என்று கைகொடுக்காமல் விடுகிறார்கள்.

சோமனிடம் ஒரு துடி இருக்கிறது. அதை அவன் தன் குடிசைக்குள் உட்கார்ந்து தனக்காக அடிக்கிறான். சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்பதும் பறை நம் கலை என்பதும் நம் இயக்கங்களுக்குள் நடக்கிற பெரிய விவாதம். நான் இரண்டு பக்கத்துத் தோழர்களோடும் பேசியிருக்கிறேன். அந்த விவாதத்துக்கு முன்னால் இந்தப் படத்தை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள். ஒரே தோல், ஒரே குச்சி. ஆண்டை வீட்டுக்காக அடித்தால் ஊழியம், தனக்காக அடித்தால் குரல். யாருக்காக என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கிடைக்காட்டு நீதி

கி. ராஜநாராயணனின் ‘கிடை’ குறுநாவலை அம்ஷன் குமார் 2003-இல் ‘ஒருத்தி’ என்று படமாக எடுத்தார். ஆட்டுக்கிடை போடுகிற கரிசல்காட்டு வாழ்க்கை. எங்கள் பக்கத்து மானாவாரிக் காடுகளில் கிடை பார்த்து வளர்ந்தவர்களுக்கு அந்தப் புழுக்கை வாசனை திரையில் இருந்தே வரும். சத்தமில்லாமல் வந்து சத்தமில்லாமல் போன படம்.

செவனி என்ற தலித் பெண்ணும் எல்லப்பன் என்ற நாயக்கர் வீட்டுப் பையனும் சேர்ந்திருந்த நேரத்தில் கிடை ஆடு வெள்ளாமையில் இறங்கி மேய்ந்துவிடுகிறது. ஊர் விசாரிக்கிறது. தடம் பார்க்கிறவர்கள் தரையைப் படித்து உண்மையைக் கண்டுபிடித்தும் விடுகிறார்கள். இதுதான் கி.ரா. கதையின் கூர்மை. ஊருக்கு உண்மையைக் கண்டுபிடிக்கிற அறிவு இல்லாமல் இல்லை. கால்தடத்தை வைத்து ஆளைச் சொல்லிவிடும். கண்டுபிடித்த பிறகு என்ன செய்கிறது? பையனுக்குத் தன் சாதியில் பெண் பார்த்துக் கல்யாணம். செவனிக்குப் பேய் பிடித்திருக்கிறது என்று உடுக்கையடி. கதையின் முடிவில் கல்யாண மேளமும் பேயோட்டும் சத்தமும் ஒன்றாகக் கேட்கும்.

சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்குப் ‘புத்தி பேதலித்துவிட்டது’, ‘மயக்கி விட்டார்கள்’ என்று இன்றும்தானே சொல்கிறார்கள்? நம் மாவட்டத்துப் பழனியைச் சேர்ந்த கௌசல்யாவைத் திருமணம் செய்ததற்காக 2016 மார்ச் 13-இல் உடுமலைப்பேட்டை பேருந்து நிலையம் அருகே பட்டப்பகலில் சங்கரை வெட்டிக் கொன்றார்கள். அந்தக் காட்சி கண்காணிப்பு கேமராவில் பதிவாகி நாடே பார்த்தது. அங்கேயும் தடம் தெரியாமல் இல்லை. ஆணவக்கொலைக்குத் தனிச் சட்டம் வேண்டும் என்று நாம் கேட்கிறபோது, ‘உண்மையைக் கண்டுபிடிக்க இருக்கிற சட்டம் போதாதா’ என்று கேட்கிறவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். கண்டுபிடிப்பது ஒரு வேலை, நீதி வேறு வேலை.

கண்ணைத் திருப்பாத கேமரா

கதைப்படங்களோடு நிறுத்தாதீர்கள். மதுரையில் ஒரு தெருவில் மலம் அள்ளும் தூய்மைப் பணியாளர் பெண்ணின் பின்னாலேயே கேமராவைக் கொண்டுபோய் ஆர்.பி. அமுதன் 2003-இல் எடுத்த ‘பீ’ ஆவணப்படத்தைப் பாருங்கள். பின்னணி இசை வைத்து நம்மை அழவைக்கிற வேலை எல்லாம் கிடையாது. அவர் வேலை செய்கிறார், பேசுகிறார், கேமரா பார்க்கிறது. எங்கள் பகுதியில் ஒரு கூட்டத்தில் இதைப் போட்டபோது சில கல்லூரி மாணவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பின்வரிசையில் இருந்த துப்புரவுத் தொழிலாளி அக்கா ஒருவர் கேட்டார்: “பாக்கவே முடியலேங்கிறீகளே தம்பி, நாங்க அள்ளலையா?” மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்து 1993-இலும் 2013-இலும் சட்டங்கள் போட்டாயிற்று. சாக்கடைக் குழிச் சாவு நிற்கவில்லை. அந்த அக்கா கேட்ட கேள்வியும் நிற்கிறது.

படம் நம் கைக்கு வருவதே ஒரு போராட்டம்

நல்ல படம் தானாக மக்களிடம் போய்ச் சேரும் என்று நம்பாதீர்கள். ஜப்பார் படேல் இயக்கி மம்மூட்டி நடித்த ‘டாக்டர் பாபாசாகேப் அம்பேத்கர்’ படத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அரசு நிறுவனமான தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் பின்னால் நின்ற படம். மம்மூட்டிக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். அது 2000-இல் வந்தது. தமிழ் பேசிக்கொண்டு நம் திரையரங்குக்கு வந்தது 2010 டிசம்பர் 3-இல். நடுவில் பத்து ஆண்டுகள். அதற்கும் கோரிக்கை, வழக்கு, போராட்டம் எல்லாம் தேவைப்பட்டது. அரசியல் சட்டத்தை எழுதியவரின் படத்துக்கே இந்த நிலை என்றால் மற்றதைச் சொல்ல வேண்டுமா?

படம் அழிந்துபோவதும் நடக்கிறது. தமிழகத்தின் முதல் மௌனப்படமான ‘கீசக வதம்’ இன்று இல்லை. முதல் தமிழ்ப் பேசும்படமான 1931-இன் ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியும் இல்லை. மலையாளத்தின் முதல் படம் ‘விகதகுமாரன்’. அதில் நாயர் பெண்ணாக நடித்த தலித் பெண் பி.கே. ரோசியைத் திருவனந்தபுரத்தில் ஆதிக்க சாதியினர் தாக்கினார்கள், குடிசையை எரித்தார்கள். தமிழ்நாட்டுக்குத் தப்பி வந்து பெயர் மாற்றி வாழ்ந்து மறைந்தார். அந்தப் படமும் இல்லை. ஒரு பெண்ணை ஊரைவிட்டுத் துரத்திய நடிப்பு எப்படி இருந்தது என்று நாம் இனி ஒருபோதும் பார்க்க முடியாது. நீலம் பண்பாட்டு மையம் அவர் பெயரில் திரைப்பட விழா நடத்துவதன் அர்த்தம் இதுதான். எரித்தவர்கள் பெயர் மறந்துவிட்டது, ரோசி பெயர் நிற்கிறது.

எப்படிப் பார்ப்பது

கைப்பேசியில் தனியாகப் பார்க்காதீர்கள் என்பதுதான் என் முதல் வேண்டுகோள். உங்கள் காலனிச் சமுதாயக் கூடத்தில், இல்லாவிட்டால் அம்பேத்கர் படிப்பகச் சுவரில் வேட்டியைக் கட்டி, ஒரு புரொஜெக்டர் வாடகைக்கு எடுத்துப் போடுங்கள். மில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களுக்கும் வாய்ப்பாக நேரம் வையுங்கள். பெண்கள் முன்வரிசையில் உட்காரட்டும். படம் முடிந்ததும் நீங்கள் மைக்கைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசாதீர்கள். பெரியவர்களைப் பேச விடுங்கள். ‘எடுத்துச் சோறு போட்டவந்தான் அப்பன்’ என்கிற மாதிரி ஒரு வாக்கியம் அங்கேதான் கிடைக்கும். கிடைத்ததை எழுதிவையுங்கள்.

பார்க்கும்போது மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படத்தில் வேலை செய்கிறவர் யார், அந்த வேலையின் பலன் யார் கணக்கில் எழுதப்படுகிறது? நந்தனாரின் 40 வேலியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, நம்மவர் முடிவெடுக்கிறாரா, இல்லை அவருக்காக வேறு யாராவது முடிவெடுக்கிறாரா? மூன்றாவது, கடைசிக் காட்சியில் பிழைத்திருப்பவர் யார்? பழைய படங்களில் பெரும்பாலும் நாம் சாகிறோம். நந்தன் தீயில், வீரன் வெட்டுப்பட்டு, துக்கி கட்டை பிளந்து, சோமன் துடியடித்தே. நம்மேல் இரக்கப்பட நம்மைச் சாகடிக்க வேண்டியிருந்தது அவர்களுக்கு.

2018-இல் ‘பரியேறும் பெருமாள்’ முடிகிறபோது பரியன் உயிரோடு நின்று சமமாகப் பேசுகிறான். அது எவ்வளவு பெரிய மாற்றம் என்பது அதற்கு முன்னால் எத்தனை பேர் திரையில் செத்தார்கள் என்று தெரிந்தவர்களுக்குத்தான் முழுசாகப் புரியும். பழைய படங்களைப் பாருங்கள் என்று நான் சொல்வதற்கு இது ஒன்றே போதும்.

அடுத்து கேமராவைத் தூக்கப் போகிறவர்கள் உங்களில்தான் இருக்கிறீர்கள். வேடசந்தூர் மில் விடுதியும், திண்டுக்கல் தோல் ஷாப்புக் கழிவு இறங்கி வருகிற குடகனாறும், லீவு கேட்டு நிற்கிற தங்கச்சியும் இன்னும் யார் படத்திலும் ஒழுங்காக வரவில்லை. எடுங்கள். பிழைத்திருக்கிற ஆட்களாக எடுங்கள்.

ஜெய்பீம்.